சத்தமில்லாமல் வந்த ஸ்கூட்டர்: பிழை யாருடையது, பணம் யாரிடம்

பெரியம்மாவுக்கு அப்போது எழுபத்தொரு வயது. யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிப் பக்கம் ஓர் ஒழுங்கை. இரண்டு கரையிலும் ஆளுயர மதில். பின்னேரம் ஆறரை மணி, வீதி விளக்கு இன்னும் எரியவில்லை. கோயிலுக்கென்று பூத்தட்டோடு படலையைத் திறந்து ஒழுங்கைக்குள் இரண்டு அடி வைத்திருப்பார். வந்த பற்றரி ஸ்கூட்டரின் கண்ணாடி முழங்கையில் கொழுவியது. விழுந்தவர் எழும்பவில்லை. தொடையெலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்திருந்தது. வாட்டில் என்னைக் கண்டதும் அவர் சொன்னது ஒன்றுதான்: “சத்தம் ஒண்டும் கேக்கேல்லையடா தம்பி.”

ஓட்டி வந்த பெடியனுக்குப் பதினேழு வயது. ஸ்கூட்டர் தமக்கை வாங்கியது. தகப்பன் அன்றிரவே தோடம்பழப் பையோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அண்ணை, பெடியன்ர படிப்பு கெட்டுப்போம். கதைச்சு முடிப்பம்.” நல்ல மனிதர், நடிப்பில்லை. மூன்றாம் நாள் முப்பதாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, “இனி இது சம்பந்தமாக எமக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று கடதாசி எழுதிக் கையெழுத்து வைத்தோம். அந்த வசனத்தை என் கைப்பட எழுதியவன் நான். பெரியம்மா அதற்குப் பிறகு ஒருநாளும் தடியில்லாமல் நடக்கவில்லை. வீட்டில் பகலுக்கு ஓர் ஆள் வைக்க வேண்டி வந்தது. முப்பதாயிரம் எத்தனை வாரத்துக்கு வந்திருக்கும் என்பதை நீங்களே கணக்குப் போடலாம்.

இந்த அத்தியாயம் அந்த ஒரு வசனத்துக்கு எதிராக எழுதப்படுகிறது. நம் ஊரில் இப்படியான விபத்துகளில் பிழை யாருடையது என்று கண்டுபிடிப்பது பெரிய வில்லங்கமில்லை. ஒழுங்கை முழுக்கச் சொல்லும். பிழைக்காரனிடமிருந்து பணம் எந்த வழியால் வரும், அந்த வழி எந்த நாளில் எந்தக் கையெழுத்தால் அடைபடும் என்பதுதான் ஆட்களுக்குத் தெரியாமல் போகிறது.

இது என்ன வாகனம்?

யாழ்ப்பாணம் சைக்கிள் பூமி. போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய ஊர். அது வருவது அரை மைலுக்கு அப்பால் தெரியும், புகை அதற்கு முன்னமே வந்துவிடும். 2022இல் எரிபொருள் வரிசையில் நாள் கணக்காகக் காய்ந்தவர்கள் பற்றரி ஸ்கூட்டரைத் தேடத் தொடங்கினார்கள். வீட்டு பிளக்கில் போட்டால் காலையில் தயார். மகள் ரியூசனுக்கு, அம்மா சந்தைக்கு, அப்பா தோட்டத்துக்கு. ஆனால் வாங்கிய பலர் அதைச் சைக்கிளின் தம்பியாகத்தான் பார்த்தார்கள், மோட்டார் சைக்கிளின் தம்பியாகப் பார்க்கவில்லை. வில்லங்கம் அங்கேதான் தொடங்குகிறது.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் “மோட்டார் வாகனம்” என்பதைப் பெற்றோலை வைத்து வரையறுக்கவில்லை. பொறி விசையால் உந்தப்பட்டு வீதியில் ஓடுவதற்கென்று ஆனதா என்பதே கேள்வி. பற்றரியில் ஓடினாலும் மின்சார ஸ்கூட்டர் மோட்டார் சைக்கிள்தான். பதிவு வேண்டும், நம்பர் பிளேற் வேண்டும், பதினெட்டு வயது நிரம்பியவருக்குத் தரும் சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும், ஹெல்மெற் வேண்டும், குறைந்தது மூன்றாம் தரப்புக் காப்புறுதியாவது வேண்டும். காப்புறுதி இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரமும் எடுக்க முடியாது.

“இல்லையே, மணிக்கு 25 கிலோமீற்றருக்குள் ஓடினால் லைசென்ஸே தேவையில்லையாமே?” இதை நான் கேட்ட தடவைகளுக்குக் கணக்கில்லை. இது தமிழ்நாட்டு யூரியூப் காணொளிகளில் இருந்து கடல் தாண்டி வந்த நம்பிக்கை. இந்தியாவில் 250 வாற்றுக்குக் குறைந்த மோட்டரும் 25 கிலோமீற்றருக்குக் குறைந்த வேகமும் உள்ள பற்றரி வண்டி மோட்டார் வாகனமாகக் கொள்ளப்படாது என்று அங்குள்ள மத்திய மோட்டார் வாகன விதி சொல்கிறது. அது இந்திய விதி. பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் செல்லாது. கடைக்காரர் “இதுக்கு ஒண்டும் தேவையில்லை அக்கா” என்று சொன்னால், அதைக் கடையின் கடிதத்தாளில் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள். எழுதமாட்டார். எழுதினாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் ஒருதரம் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பதிவில்லாத வண்டி என்பதால் ஓட்டியவரின் பொறுப்புக் குறைவதில்லை. மிதிசைக்கிளால் ஒருவரை இடித்து எலும்பு முறித்தாலும் நட்டஈட்டு வழக்கு உண்டு. பதிவில்லாததால் குறைவது, அடிபட்டவருக்குப் பணம் கிடைக்கிற வாய்ப்பு மட்டுமே.

பிழை என்றால் சட்டத்தில் என்ன

யாழ்ப்பாணத்தவர்களுக்குச் சொந்தமாகத் தேசவழமைச் சட்டம் உண்டு. 1707இல் ஒல்லாந்துத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தது. ஆனால் அது சீதனம், முதுசம், அடைவு, விற்பனை போன்ற சொத்து விடயங்களுக்கு. வீதியில் அடிபடுவதற்கு அங்கே பதில் இல்லை. இங்கே பேசுவது ரோமன்-டச்சுப் பொதுச்சட்டம். 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் தங்களோடு கொண்டுவந்தது. அதன் வேர், லெக்ஸ் அக்குவிலியா என்ற பழைய ரோமச் சட்டம். ஆகவே இன்று கொக்குவில் ஒழுங்கையில் ஒரு பற்றரி ஸ்கூட்டர் ஆளை இடித்தால், மாவட்ட நீதிமன்றம் அதை அளப்பது கிறிஸ்துவுக்கு முந்திய ஒரு முழக்கோலின் வம்சாவளியால்.

அந்த அளவு இதுதான்: அந்த இடத்தில், அந்த நேரத்தில், நிதானமான ஓர் ஆள் எப்படி ஓட்டியிருப்பார்? அதிலிருந்து இவர் தவறினாரா? அந்தத் தவறால்தான் காயம் வந்ததா? குடியியல் வழக்கில் இதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை; இல்லை என்பதைவிட ஆம் என்பதே சாத்தியம் என்று காட்டினால் போதும்.

ஓர் எண்ணை மனதில் வையுங்கள். மணிக்கு 40 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்குப் பதினொரு மீற்றர். மதிலோரப் படலை திறந்து ஓர் ஆள் வெளியே வர ஒரு செக்கன் போதும். கண் கண்டு, மூளை உணர்ந்து, விரல் பிறேக்கைப் பிடிக்கு முன்னமே ஸ்கூட்டர் அந்தப் படலையைக் கடந்திருக்கும். நகரத்துக்குள் மோட்டார் சைக்கிளுக்கு 50 கிலோமீற்றர் எல்லை என்பதால் ஒழுங்கைக்குள் 40இல் வந்தது சரி என்று ஆகாது. எல்லை என்பது உச்சம். அந்த இடத்துக்கு ஏற்ற வேகம் வேறு.

சத்தமின்மை பற்றி ஓட்டுபவர்கள் வைக்கிற வாதம் வேடிக்கையானது. “அவ பாக்காமல் வந்தவ, சத்தம் கேக்காட்டி நான் என்ன செய்ய?” இது அவர்களுக்கே எதிராகத் திரும்புகிற வாதம். தன் வாகனம் கேட்காது என்று தெரிந்தவர் கூடுதலாக மெதுவாகப் போகவேண்டும், வளைவில் ஹோர்ன் அடிக்கவேண்டும், மங்கலில் விளக்குப் போடவேண்டும். மௌனம் ஆபத்து என்பதை உலகம் ஏற்றுக்கொண்டு கன நாளாகிறது. ஐக்கிய நாடுகளின் 138ஆம் இலக்க ஒழுங்குவிதி மின்சாரக் கார்கள் குறைந்த வேகத்தில் செயற்கைச் சத்தம் எழுப்பவேண்டும் என்கிறது. 2019 ஜூலையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய மாதிரிகளுக்கு அது கட்டாயம். ஆனால் அந்த விதி நான்கு சில்லு வாகனங்களோடு நின்றுவிட்டது. இரண்டு சில்லுக்குச் சத்தம் போடும் கடமை ஓட்டுபவரின் பெருவிரலில்தான் இருக்கிறது.

அடிபட்டவர் பக்கமும் பிழை இருக்கலாம். கருப்பு உடுப்போடு இருட்டில் கண்டி வீதியை ஓடிக் கடந்தவர், காதுக்குள் பாட்டோடு ரோட்டின் நடுவே நடந்தவர், பாதசாரிக் கடவை பத்தடியில் இருக்க பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து பாய்ந்தவர். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், பங்களிப்புக் கவனயீனம் பற்றியது, இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. இழப்பு பத்து இலட்சம், உங்கள் பங்கு முப்பது வீதம் என்று நீதிமன்றம் கண்டால் கிடைப்பது ஏழு இலட்சம். ஆகவே “உங்கட ஆளிலயும் பிழை இருக்கு, ஒண்டும் கிடையாது” என்று யாராவது சொன்னால் அரைவாசிதான் உண்மை. நடைபாதை இல்லாத வீதியில் வாகனம் எதிரே வரும் பக்கமாக, அதாவது வலப்புறமாக நடங்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்ததும் சும்மா இல்லை. குறுக்கு விசாரணையில் முதலில் கேட்பது அதைத்தான். சிறுபிள்ளை என்றால் அளவு வேறு. பள்ளிக்கூட வாசலில் பிள்ளை பாய்ந்தது என்பது சாக்கு ஆகாது; பாயும் என்று எதிர்பார்க்க வேண்டிய இடம் அது.

யாரிடம் வாங்குவது

முதற்பேர்வழி ஓட்டியவர். பதினேழு வயதுப் பெடியன் மீதும் வழக்குப் போடலாம். நீதிமன்றம் அவனுக்காக ஒரு பாதுகாவலரை நியமிக்கும். ஆனால் அவனிடம் ஒரு கைத்தொலைபேசியும் ரியூசன் கொப்பியும்தான் இருக்கும்.

தாய் தகப்பன்? பிள்ளை செய்த பிழைக்குப் பெற்றோர் தானாகவே பொறுப்பு என்று நம் சட்டம் சொல்லாது. பலருக்கு இது ஆச்சரியம். பெற்றோரின் சொந்தப் பிழையைக் காட்டவேண்டும்: லைசென்ஸ் இல்லை என்று தெரிந்தும் திறப்பைக் கொடுத்தார்கள், முன்னமும் ஒருக்கால் இடித்தவன் என்று தெரிந்தும் விட்டார்கள். லைசென்ஸ் இல்லாதவரை ஓட விடுவது தனிக்குற்றமும் கூட. ஆகவே “திறப்பை யார் தந்தது, இதுக்கு முதலும் ஓடினவனா?” என்ற கேள்விகளுக்கான பதில், அயலவர்கள் மறக்குமுன் எழுதப்பட வேண்டும். இந்தியாவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு வயதுவராதவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பாதுகாவலரும் வாகன உரிமையாளரும் நேரடியாகக் குற்றவாளி ஆகிறார்கள். நட்டஈட்டுக்கு நம்மிடம் அந்தக் குறுக்குவழி இல்லை.

உரிமையாளர் என்பதால் மட்டும் தமக்கை பொறுப்பாளி ஆகமாட்டார். தன் வேலையாக, தன் சொல்லின்படி ஓட்ட அனுப்பினாரா என்பதே கேள்வி. “கடைக்குப் போய் பாண் வாங்கி வா” என்று அனுப்பியது ஒன்று. நண்பனைப் பார்க்க அவன் எடுத்துக்கொண்டு போனது வேறு. கடைக்காக, கம்பனிக்காக, சாப்பாடு கொண்டுபோக ஓடியவர் என்றால் முதலாளிமேல் பொறுப்பு ஏறும். ஆனால் கைத்தொலைபேசிச் செயலியில் ஓடர் எடுத்து ஓடுகிறவர்களைக் கம்பனிகள் ஊழியர் என்று ஏற்பதில்லை, சுயாதீன ஒப்பந்தக்காரர் என்பார்கள். கட்டுப்பாடு யார் கையில் இருந்தது என்பதைப் பொறுத்து நீதிமன்றம் முடிவெடுக்கும். ஆகவே விபத்து நடந்த நேரத்தில் பெட்டி முதுகிலா, ஓடர் கையிலா என்பதைப் படமெடுத்து வையுங்கள். அரசாங்க வாகனம் என்றால் சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்த பிறகே வழக்கு.

இப்போது நம் ஊருக்கே உரிய ஒரு முடிச்சு. வழக்கில் வென்றீர்கள், பத்து இலட்சம் தீர்ப்பு. பிரதிவாதி நாற்பது வயது, கல்வீடு, மதில், கிணறு எல்லாம் இருக்கிறது. வீட்டை ஏலத்தில் விற்கலாமே? உறுதியை எடுத்துப் பார்த்தால் அது மனைவியின் சீதன வீடு. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி மனைவிக்குச் சீதனமாகவோ நன்கொடையாகவோ முதுசமாகவோ வந்த சொத்து அவருடைய தனிச்சொத்து. புருசனின் கடனுக்கு அது கட்டுப்படாது. பெண்களைக் காப்பாற்றவென்று வந்த நல்ல விதிதான், நானும் அதற்கு எதிரானவன் அல்லன். ஆனால் அடிபட்டவர் கையில் இருப்பது சட்டகம் போட்டு மாட்டக்கூடிய ஒரு தீர்ப்பு மட்டுமே. யாழ்ப்பாணத்தில் எத்தனை ஆண்களின் பெயரில் வீடு இருக்கிறது என்று உங்கள் ஒழுங்கையையே எண்ணிப் பாருங்கள்.

அதனால்தான் காப்புறுதி. மோட்டார் போக்குவரத்துச் சட்டப்படியான மூன்றாம் தரப்புக் காப்புறுதி, வாகனத்தால் மற்றவருக்கு ஏற்படும் மரணத்துக்கும் உடற்காயத்துக்கும்தான். ஸ்கூட்டருக்கு ஆன கீறலுக்கு அது ஒரு சதமும் தராது. அடிபட்ட பெரியம்மாவுக்குத் தரும். வழக்கு காப்பு எடுத்தவர்மேல் நடக்கும், தீர்ப்பானால் கம்பனி கட்டவேண்டும். இதில் ஒரு கண்ணி உண்டு. வழக்குத் தாக்கல் செய்வதற்கு முன்னரோ, தாக்கல் செய்து ஏழு நாளுக்குள்ளோ, வழக்குப் பற்றிக் காப்புறுதிக் கம்பனிக்கு அறிவித்தல் போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால் கம்பனி கையை விரிக்கலாம். சட்டத்தரணியிடம் கேளுங்கள்: “கம்பனிக்கு நோட்டிஸ் போட்டாச்சா ஐயா?” கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. பதிவுத் தபால் துண்டின் பிரதியும் வாங்கி வையுங்கள்.

லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினால் கம்பனி தட்டிக்கழிக்கப் பார்க்கும். அதை அப்படியே நம்பி வீட்டுக்கு வந்துவிடாமல் அந்தக் கடிதத்தோடு ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

அடித்துவிட்டு ஓடிய வாகனம் பிடிபடவே இல்லையா? வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையிடம் நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கலாம். பொலிஸ் முறைப்பாடு இல்லாமல் அது நகராது. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து, மச்சானின் ஸ்கூட்டரில் ஊர் சுற்றுகிற வெளிநாட்டுச் சொந்தக்காரர் இன்னொரு வகை. கனடா லைசென்ஸை மட்டும் காற்சட்டைப் பைக்குள் வைத்து இங்கே ஓட முடியாது; இலங்கையில் அதற்கான தற்காலிக அனுமதி எடுக்கவேண்டும். இருபத்தைந்து நாள் திருவிழா முடிய அவர் விமானம் ஏறிவிடுவார். கடவுச்சீட்டு இலக்கம் முதல் நாளே பொலிஸ் பதிவில் ஏறவேண்டும்.

முதல் மூன்று நாள்

1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் 2018இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது, காசில்லை. இடுப்பில் அடிபட்டவரை ஓட்டோவுக்குள் மடித்து ஏற்றவேண்டாம். ஆள் ஏறியதும் மற்றொருவர் நின்று படமெடுக்கட்டும்: ஸ்கூட்டர் நின்ற இடம், விழுந்த செருப்பு, ரயர் கோடு, படலை, மதில், விளக்கு எரிகிறதா இல்லையா. நம்பர் பிளேற் இல்லாத வண்டி என்றால் சேஸிஸ் இலக்கம். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கடை ஸ்ரிக்கர்கூட ஒருநாள் உதவும். எதிர்வீட்டு சீ.சீ.ரி.வி. கமராவில் பழைய பதிவு தானாக அழிந்துகொண்டே இருக்கும். அந்த வீட்டுக்காரரிடம் அடுத்த நாள் காலையே போங்கள்.

பொலிஸில் முறைப்பாடு பதியுங்கள். இடித்தவர் நின்று உதவுவதும் பொலிஸுக்கு அறிவிப்பதும் அவருக்குச் சட்டக் கடமை. அவர் செய்வார் என்று நீங்கள் இருக்கவேண்டாம். வாக்குமூலத்தைத் தமிழில் தரவும் தமிழில் பதியக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு, வடக்கில் நீதிமன்ற மொழியும் தமிழ்தான். விளங்காத மொழியில் எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். போக்குவரத்துப் பொலிஸ் வரையும் இடவரைபடத்தின் உறுதிப்படுத்திய பிரதி பின்னாளில் வழக்கின் முதுகெலும்பு.

ஆஸ்பத்திரியில், “விழுந்திட்டா” என்று சொல்லிவிடாதீர்கள். நம் சனத்துக்கு அப்படி ஒரு பழக்கம்: பொலிஸ் கரைச்சல் வேண்டாம் என்று. அனுமதிக்கும்போது ரிக்கற்றில் என்ன எழுதப்படுகிறதோ அதுதான் இரண்டு வருடம் கழித்தும் நிற்கும். “ஸ்கூட்டர் இடித்தது” என்று எழுதினால்தான் சட்ட வைத்திய அதிகாரி பார்ப்பார், காயத்தின் தரத்தை எழுதுவார். எலும்பு முறிவு தண்டனைச் சட்டக்கோவையில் கடுங்காயம். அந்த ஒரு சொல் வழக்கின் கனத்தை மாற்றும். வெளியேறும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட்டை ஈரம் படாமல் வையுங்கள், பிரதி இரண்டு எடுங்கள்.

அந்தக் கடதாசி

கதைத்து முடிப்பதை நான் பழிக்கவில்லை. சந்தியில் தினமும் முகம் பார்க்கிற ஆட்கள்; வழக்கு என்றால் தவணை மேல் தவணை. ஆனால் மூன்றாம் நாளில் காயம் என்னவென்று வைத்தியருக்கே முழுதாகத் தெரியாது. இடுப்பு முறிவின் கணக்கு ஆறு மாதத்தில் தெரியும், தலையில் அடிபட்டது என்றால் அதற்கும் மேல். ஆகவே பணம் தருகிறார்களா, வாங்குங்கள். எழுதுவதை மாற்றி எழுதுங்கள். “இத்தொகை இன்றுவரையான மருத்துவச் செலவுக்காக மட்டும் பெறப்பட்டது. எமது ஏனைய உரிமைகளுக்குப் பாதகமின்றி.” பாதகமின்றி என்ற அந்தச் சொல்லை நான் அன்று அறிந்திருக்கவில்லை. “முழுமையான, இறுதியான தீர்வு” என்றோ “இனிக் கோரிக்கை இல்லை” என்றோ ஒரு வரி இருந்தால் பேனையை மூடுங்கள்.

இடித்தவர் வீட்டாருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. பெரும்பாலான காப்புறுதி ஒப்பந்தங்களில், கம்பனியைக் கேட்காமல் பிழையை ஒப்புக்கொள்ளவோ பேரம் பேசி முடிக்கவோ கூடாது என்ற நிபந்தனை இருக்கும். இரவோடிரவாகக் கதைத்து முடித்தால் சொந்தக் கையிலிருந்து கொடுத்ததோடு கம்பனியின் கதவையும் பூட்டியவர் ஆவீர்கள். இரண்டு குடும்பமும் சேர்ந்து கம்பனியைக் காப்பாற்றிய கதைதான் அது. பிணக்கின் பெறுமதி குறைவென்றால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். குறித்த தொகைக்கு உட்பட்ட பிணக்குகளுக்கு அங்கு போய்த் தீரவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் ஏற்கவும் மாட்டாது.

இரண்டு வழக்கு

நீதவான் நீதிமன்றத்தில் நடப்பது பொலிஸின் வழக்கு. கவனயீனமாக ஓட்டியது, லைசென்ஸ் இல்லாதது, காப்புறுதி இல்லாதது, காயப்படுத்தியது. மரணம் நேர்ந்தால் தண்டனைச் சட்டக்கோவை 298ஆம் பிரிவு, ஐந்து வருடம் வரை சிறை. அங்கே கட்டப்படும் தண்டப்பணம் அரசாங்கத்துக்குப் போகிறது. “பெடியன் பைன் கட்டிட்டான், கேஸ் முடிஞ்சுது” என்று கேட்டால், முடிந்தது பொலிஸின் கேஸ். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 17(4)ஆம் பிரிவின் கீழ் அந்த நீதவானே உங்களுக்கு நட்டஈடும் கட்டளையிடலாம், ஆனால் நீங்கள் அன்று நீதிமன்றத்தில் இல்லாவிட்டால் யார் ஞாபகப்படுத்துவது? தவணைத் தேதியைக் கேட்டு வைத்து, செலவுத் துண்டுகளோடு போங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்ட பதிவின் பிரதி உங்கள் வழக்குக்குப் பெரிய சாட்சி.

உங்கள் வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில். யாழ்ப்பாணம், மல்லாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை. விபத்து நடந்த இடத்தைப் பொறுத்து. சட்டத்தரணிக்குக் கொடுக்க வழியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்துக்குப் போகலாம்.

எவ்வளவு கேட்பது? அரசாங்க ஆஸ்பத்திரி இலவசம் என்பதால் செலவே இல்லை என்று நினைக்கிறார்கள். தனியாரில் எடுத்த ஸ்கான், பகலுக்கு வைத்த ஆள், ஓட்டோக் கூலி, கொமோட் கதிரை எல்லாம் செலவுதான். துண்டு வாங்குங்கள். துண்டு தராத ஓட்டோக்காரரிடம் கொப்பியில் திகதி போட்டு ஒரு கையெழுத்து. உழைப்பு இழப்புக்குச் சம்பளச் சீட்டு இல்லாத ஊர் இது. சந்தையில் மரக்கறி விற்பவர், சீவல் தொழிலாளி, மீன் வாடிக்குப் போகிறவர் எல்லோரும் வங்கிப் புத்தகம், சங்கக் கணக்கு, கிராம அலுவலர் கடிதம், கொடுத்து வாங்குகிற வியாபாரியின் சாட்சி என்று சேர்க்கவேண்டும். வீட்டில் சும்மா இருந்த அம்மாவுக்கு என்ன இழப்பு என்று கேட்பவர்களிடம், அவர் சமைத்துப் பேரப்பிள்ளையைப் பார்த்த வேலைக்கு இப்போது எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். வலிக்கும் வேதனைக்கும், இனி நடக்க முடியாமைக்கும் தனியாகக் கேட்கலாம்.

மரணம் என்றால் சட்டம் நீண்ட காலம் கொஞ்சம் இரக்கமற்றதாக இருந்தது. இறந்தவரை நம்பி வாழ்ந்தவர்கள், அவர் உழைத்துத் தந்திருக்கக்கூடியதைக் கேட்கலாம். துயரத்துக்கு முன்பு விலை இருக்கவில்லை, உண்மையிலேயே இருக்கவில்லை. மருத்துவக் கவனயீனம் பற்றிய பிரியானி சொய்சா எதிர் அர்சகுலரத்ன வழக்கில் 2001இல் உயர் நீதிமன்றம், பிள்ளையை இழந்த பெற்றோரின் துயருக்கோ பிள்ளையின் துணை இல்லாமற் போனதற்கோ இழப்பீடு கிடையாது, பண இழப்புக்கே உண்டு என்றது. ரோமன்-டச்சுச் சட்டத்தின் அந்த மூலையை நாடாளுமன்றம் 2019இல் திருத்தியது; இப்போது துயருக்கும் துணை இழந்ததற்கும் கேட்கலாம்.

காலம்: இரண்டு வருடம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம், 9ஆம் பிரிவு. விபத்து நடந்த நாளிலிருந்து எண்ணுங்கள், ஆஸ்பத்திரியால் வந்த நாளிலிருந்து அல்ல, பொலிஸ் கேஸ் முடிந்த நாளிலிருந்தும் அல்ல. “நீதவான் கோர்ட் முடியட்டும், பிறகு பாப்பம்” என்று இருந்து காலம் கடத்தியவர்கள் நிறையப் பேர். அடிபட்டவர் சிறுபிள்ளை என்றால் வயது வரும்வரை காலம் ஓடாது; அதை நம்பி இருக்கவேண்டாம், சாட்சிகளின் ஞாபகத்துக்கு அந்தச் சலுகை இல்லை.

ஸ்கூட்டர் வைத்திருப்பவருக்கு

காப்புறுதிச் சான்றிதழில் நம்பரும் சேஸிஸ் இலக்கமும் வண்டியில் இருப்பதோடு பொருந்துகிறதா என்று இன்றே பாருங்கள். கை மாறி வாங்கிய வண்டி என்றால் பதிவும் காப்புறுதியும் இன்னும் பழைய ஆளின் பெயரில் இருக்கலாம். வேகக் கட்டுப்பாட்டைக் கழற்றித் தருகிற கடைகள் உண்டு. கழற்றிய வண்டி ஆளை இடித்தால், கழற்றியதே உங்களுக்கு எதிரான முதல் சாட்சி. “பிறேக் பிடிக்கேல்லை” என்பதும் அப்படித்தான், கடைசியாகப் பிறேக் பார்த்த துண்டு கையில் இல்லாவிட்டால்.

இடித்துவிட்டால் நில்லுங்கள். ஆளைப் பாருங்கள், 1990, பிறகு 119, பிறகு காப்புறுதிக் கம்பனியின் அவசர இலக்கம், இந்த ஒழுங்கில். ஆஸ்பத்திரிக்குத் தோடம்பழத்தோடு போங்கள், அது மனிதத்தன்மை. எந்த நீதவானும் அதைப் பிழை ஒப்புக்கொண்டதாக எடுக்கமாட்டார். காசு கொடுத்தால் “பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல், மருத்துவ உதவியாக” என்று எழுதி வாங்குங்கள். திறப்பை வீட்டில் கொழுவுகிற ஆணி பதினேழு வயதுக்காரனுக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தால், அதைக் கழற்றி அலுமாரிக்குள் வையுங்கள்.